கண்ணால் ஆடு மேய்க்கும் நாய்

சென்ற இதழில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்ப்பது பற்றிய ஒரு பதிலில், போகிற போக்கில் ‘பார்டர் கோலி மட்டும் வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். கோலிக்குண்டா, விராட் கோலியா என்று கிண்டல் செய்தவர்கள் பாதி. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டவர்கள் பாதி. வந்த கடிதங்களிலேயே இந்த முறை பக்கம் நிரம்பிவிட்டது. இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

யூடியூபில் ஒரு கறுப்பு வெள்ளை நாய், ஒரு தடவைகூடக் குரைக்காமல் நூறு ஆடுகளை ஒரு சின்ன வாசலுக்குள் தள்ளுகிறதே, அதுவா நீங்கள் சொன்னது? எந்த ஊர் நாய் அது? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்)

அதேதான். பார்டர் என்றால் எல்லை, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் உரசிக்கொள்கிற எல்லை. கோலி என்பது ஸ்காட்லாந்துப் பக்கம் ஆட்டு நாய்க்குப் பொதுவாக வழங்கிய பெயர். அந்த மலைகளை நம்மூர்ச் சிறுமலை மாதிரி கற்பனை செய்துகொள்ளக் கூடாது. மரமே இல்லாமல் மொட்டையாக, புல்லும் புதரும் சேறுமாக மைல்கணக்கில் கிடக்கும். மழையும் மூடுபனியும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அங்கே செம்மறிகளோடு ஆள் கூடவே நடந்து மேய்ப்பதில்லை, அவை பாட்டுக்கு மலையில் திரியும். குட்டி போடும் காலம், மயிர் கத்தரிக்கும் காலம், சந்தைக்கு அனுப்பும் காலம் என்று வருஷத்தில் சில தடவை மொத்தத்தையும் திரட்டிக் கீழே இறக்கிப் பட்டியில் அடைக்க வேண்டும். அதுதான் பெரும்பாடு. ஒரு ஆள் கம்பை வைத்துக்கொண்டு ஒரு சரிவில் ஏறுவதற்குள் ஆடுகள் அடுத்த சரிவுக்குப் போயிருக்கும்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில் நிலக்கிழார்கள் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த குடும்பங்களைக் கிளப்பிவிட்டு, அந்த நிலத்தில் செம்மறிகளை விட்டார்கள். அதில் லாபம் அதிகம். எல்லைப்புறத்து மேய்ப்பர்களும் அவர்களின் நாய்களும் வடக்கே போனது அந்த ஆடுகளின் பின்னாலேதான். 1792இல் ஊர்மக்கள் திரண்டு ஆடுகளைத் தங்கள் வட்டாரத்துக்கு வெளியே ஓட்டப் பார்த்தார்கள், பட்டாளம் வந்து தடுத்தது. அந்த வருஷத்துக்கே அங்கே ‘செம்மறி வருஷம்’ என்று பெயர். நாயைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ‘ஒரு மேய்ப்பனும் ஒரு நாயும் இருபது ஆள் வேலையைச் செய்யும்’ என்று அந்தக் காலத்தில் பெருமையாகப் பேசினார்களே, அந்த இருபது ஆள் எங்கே போனான் என்பதையும் ஒரு ஓரமாக நினைத்துக்கொள்ளலாம்.

ஆட்டு நாய் என்றால் நல்ல பெரிதாக, பார்த்தாலே பயப்படும்படி இருக்க வேண்டாமா? இது நரி அளவுக்கு ஒல்லியாக இருக்கிறதே? (சிவகங்கை)

இந்தக் கேள்விக்கு 450 வருஷத்துக்கு முன்பே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். ஜான் கீஸ் என்று ஒரு மருத்துவர், ஆங்கில அரசவையில் வைத்தியம் பார்த்தவர், 1570இல் பிரிட்டன் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சின்ன நூல் எழுதினார். எங்கள் ஆட்டு நாய் பெரிய உருவமாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் இங்கிலாந்தில் ஓநாயே கிடையாது என்கிறார். ஓநாய்களை அதற்கு முன்பே வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள்.

நாய் இனத்தின் வரலாறு முழுவதும் அந்த ஒரு வரியில் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஓநாய் இருக்கும் ஊரில் ஆட்டு நாய் என்பது காவல்காரன்: எடை வேண்டும், குரல் வேண்டும், கழுத்தைச் சுற்றி அடர்ந்த மயிர் வேண்டும். ஓநாய் போனபின் அந்த வேலையும் போனது. மிச்சம் இருந்தது ஓட்டும் வேலை. அதற்குத் தேவை வேகம், காது, நாள் முழுக்க ஓடினாலும் களைக்காத உடம்பு. மேய்ப்பனின் குரலுக்கும் சீழ்க்கைக்கும் கையசைவுக்கும் அந்த நாய் ஆடுகளைத் திருப்பிக் கொண்டுவருவதையும் கீஸ் எழுதியிருக்கிறார். இன்றைக்கு நீங்கள் யூடியூபில் பார்ப்பது ஏறக்குறைய அதுதான்.

நம்மூர்க் கிடையிலும் நாய் இருக்கிறது. அது ஏன் இப்படி ஆடு ஓட்டுவதில்லை? நம் நாய்க்குப் புத்தி குறைவா? (அதே சிவகங்கை, அதே கடிதம்)

புத்திக் குறைவெல்லாம் இல்லை, அதற்குக் கொடுத்த வேலை வேறு. உங்கள் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராக ஆடு ஓட்டிப்போய்க் கிடை போடுகிறவர்கள். மந்தையோடு எப்போதும் ஆள் உண்டு. அக்கம்பக்கம் யாராவது ஒருவருடைய பயிர் இருக்கும், எனவே ஆள் இல்லாமல் விடவும் முடியாது. ஓட்டுவது ஆளின் வேலை. நாய்க்கு ராத்திரி வேலை: நரி வந்தால், திருடன் வந்தால் ஊரைக் கூட்ட வேண்டும். பார்டர் கோலியை உங்கள் கிடையில் கட்டினால் குரைக்கக்கூட யோசிக்கும்.

ஐரோப்பாவிலும் ஓநாயும் கரடியும் இருந்த பைரனீஸ் மலையில் வெள்ளை வெளேரென்று பெரிய காவல் நாய்தான் வளர்ந்தது. ஜம்முவில் பகர்வால் மேய்ப்பர்களின் நாயும் அந்த ரகம். இந்தக் காவல் நாய்களைக் குட்டியிலேயே ஆட்டுக்குட்டிகளோடு விட்டு வளர்ப்பார்கள், அவை ஆட்டைத் தன் கூட்டமாகவே நினைத்துக்கொள்ளும். கோலி ஆட்டைப் பார்க்கிற பார்வையே வேறு. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

நாய் முறைத்துப் பார்த்தால் ஆடு ஏன் நகர்கிறது? இது வசியமா? (கும்பகோணம்)

வசியமில்லை, பசி. அதாவது பசியின் பழைய நினைவு. ஓநாய் வேட்டையாடும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் இரையைக் குறித்துப் பார்க்கும், பிறகு கண்ணை எடுக்காமல் தலையைத் தாழ்த்திப் பதுங்கி நெருங்கும், பிறகு துரத்தும், பிடிக்கும், கொல்லும், தின்னும். மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக நாய்களை இணைசேர்த்து, இந்த வரிசையின் முன்பாதியை ஊதிப் பெருக்கிப் பின்பாதியை அடக்கிவிட்டார்கள். பார்க்கும், பதுங்கும், சுற்றி வளைக்கும். கடிப்பதற்கு முன்னால் நின்றுவிடும். நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் அது ஆட்டு நாயாக நீடிக்காது. ஆட்டுக்கோ எதிரே பதுங்கி வருவது ஓநாய்தான். அதனால் விலகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் நகர்கிறது. அந்த முறைப்புக்கு மேய்ப்பர்கள் வைத்த பெயரே ‘கண்’. ‘இவனுக்குக் கண் அதிகம்’, ‘இவளுக்குக் கண் போதாது’ என்றுதான் நாய்ச் சந்தையில் பேச்சு. கண் அதிகமானாலும் ஆபத்து, நாய் முறைத்தபடி சிலையாகிவிடும், ஆடு மேய்ந்துகொண்டிருக்கும், மேய்ப்பன் கத்திக்கொண்டிருப்பான்.

இன்னொரு சங்கதி: நாய் எப்போதும் ஆட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கும். மேய்ப்பன் இங்கே, நாய் அங்கே, ஆடு நடுவில். அனுப்பினால் நேராக ஓடாமல் பேரிக்காய் வடிவத்தில் அகன்று சுற்றிப் பின்னால் போய் நின்று, மந்தையை மேய்ப்பனிடம் கொண்டுவரும். இது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. மேய்ப்பன் சொல்லித்தருவது வலமா இடமா, வேகமா மெதுவா, நில் என்பதுதான். கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்ற ‘கம் பை’, எதிர்ப்பக்கம் ‘அவே’, வேலை முடிந்து திரும்ப ‘தட்ல் டூ’ (போதும் வா என்பது போல). தூரம் அதிகமானால் வாய்க்குள் வைத்து ஊதும் ஒரு சின்ன மடிப்பு விசில். ஒரே நீளமாக ஊதினால் நின்றுவிடும்.

இன்றைக்கு உலகத்தில் இருக்கும் பார்டர் கோலி எல்லாமே ஒரே ஒரு நாயின் வாரிசு என்று என் மகன் படித்துவிட்டு வந்து சொல்கிறான். நம்பலாமா? (ராஜபாளையம்)

மகன் சொல்வது ஏறக்குறைய சரி. (ராஜபாளையத்திலிருந்து அயல்நாட்டு நாயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் ஊர் வெள்ளை நாய் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அந்த நாயின் பெயர் ஹெம்ப். வரலாற்றில் ‘ஓல்ட் ஹெம்ப்’, கிழட்டு ஹெம்ப். பெயரில்தான் கிழடு, வாழ்ந்தது எட்டு வருஷம்கூட முழுதாக இல்லை. 1893 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்து 1901இல் செத்துப்போனது. வளர்த்தவர் ஆடம் டெல்ஃபர், மலைப்பண்ணைக்காரர். அவரிடம் ராய் என்று ஒரு ஆண் நாய் இருந்தது, சாது, எல்லாரிடமும் வாலாட்டும், வேலையும் செய்யும், ஆனால் ‘கண்’ ரொம்பக் குறைவு. மெக் என்ற பெட்டை அதற்கு நேர் எதிர். கறுப்பு, யாரிடமும் ஒட்டாது, கண் அளவுக்கு மீறி அதிகம். இரண்டையும் சேர்த்தார். நம்மூர்க் கல்யாணத் தரகர் வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஜோடி. பிறந்த ஹெம்ப்பிடம் அப்பாவின் நிதானமும் அம்மாவின் கண்ணும் சரிபாதியாகச் சேர்ந்திருந்தன.

அதற்கு முந்தைய ஆட்டு நாய்களில் பல, குரைத்தும் கடித்தும் ஆட்டை விரட்டுகிறவை. அப்படி விரட்டினால் சினை ஆடு மிரளும், குட்டி கலையும், கொழுத்த ஆடு ஓடியே இளைக்கும். எல்லாம் பண்ணைக்காரனுக்கு நஷ்டம். ஹெம்ப் சத்தமே இல்லாமல் வேலை செய்தது. வேலையில் நிற்கும்போது அந்த ஆர்வத்தில் உடம்பே நடுங்குமாம். ஒரு வயதிலிருந்து போட்டிகளில் ஓடி, ஒன்றில்கூடத் தோற்றதில்லை என்பார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் அதன் குட்டியைக் கேட்டு வந்தார்கள், 200க்கு மேல் குட்டிகளுக்கு அது தகப்பன். குட்டிகளும் அப்பனைப் போலவே அமைதியாக வேலை செய்ய, இரண்டு மூன்று தலைமுறைக்குள் அந்தப் பாணியே நல்ல ஆட்டு நாய்க்கு இலக்கணமாகிவிட்டது.

‘பார்டர் கோலி’ என்று பெயர் வைத்தது யார்? (சேலம்)

பெயர் கடைசியில்தான் வந்தது, முதலில் வந்தது போட்டி. 1873 அக்டோபர் 9, வேல்ஸ் நாட்டில் பாலா என்ற ஊர். லாயிட் பிரைஸ் என்ற ஜமீன்தார் பிரிட்டனில் பதிவான முதல் ஆட்டு நாய்ப் போட்டியை நடத்தினார். பத்து நாய்கள், வேடிக்கை பார்க்க 300 பேர். ஜெயித்தது, வேல்ஸில் குடியேறியிருந்த தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் ட்வீட் என்ற சின்ன நாய். சொந்த ஊர்த் திருவிழாவில் வெளியூர்க்காரன் கோப்பையைத் தூக்கிப்போனால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்திருக்கும். அப்புறம் போட்டிகள் பெருகின, 1906இல் ஆட்டு நாய்களுக்கென்று ஒரு பன்னாட்டுச் சங்கம் உண்டானது. அதன் செயலாளர் ஜேம்ஸ் ரீட் 1915இல் இந்தப் பெயரை எழுத்தில் கொண்டுவந்தார்.

ஏன் தனிப்பெயர் வேண்டியிருந்தது தெரியுமா? அதற்குள் ‘கோலி’ என்ற பெயரை அழகுப் போட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விக்டோரியா மகாராணி பால்மோரல் மாளிகையில் கோலி வளர்த்தார். மகாராணி வளர்த்தால் லண்டன் சீமாட்டிகள் சும்மா இருப்பார்களா? மூக்கு நீண்டு, பிடரி மயிர் அடர்ந்து, அது ஒரு பக்கம் பொம்மை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. சேற்றில் ஓடுகிற தங்கள் நாயை அதோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது என்று மேய்ப்பர்களுக்குக் கவலை.

இந்த நாய்க்கு இதுதான் நிறம், இதுதான் காது என்று இலக்கணம் உண்டா? (கோவை)

மேய்ப்பர்களின் பதிவேட்டில் கிடையாது. கறுப்பு வெள்ளை பார்த்துப் பழகியிருப்பீர்கள், சிவப்பும் உண்டு, சாம்பலில் திட்டுத்திட்டாகவும் உண்டு. நீள மயிர், குட்டை மயிர் இரண்டும் உண்டு. ஒரு காது விறைத்து ஒரு காது தொங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். தாய் தகப்பன் பதிவு இல்லாத நாய்கூட, வேலையைச் செய்து காட்டினால் தகுதி அடிப்படையில் பதிவேட்டில் ஏறலாம்.

நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான பிரிட்டனின் கென்னல் கிளப் 1976இல்தான் இதை அழகுப் போட்டிக்கான இனமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்க கென்னல் கிளப் 1995இல் ஏற்றுக்கொண்டபோது அங்கே பண்ணை நாய் வைத்திருந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சர்ட்டிபிகேட் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சண்டை போட்டவர்களை வேறு எங்கும் பார்க்க முடியாது. ஆனால் அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. நிறத்தையும் மயிரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் ‘கண்’ நாலைந்து தலைமுறையில் தேய்ந்துவிடும். ஒரே பெயரில் இன்று இரண்டு நாய்கள் இருக்கின்றன என்றே சொல்வேன்.

அதற்காக மேய்ப்பர்களை ரொம்பவும் புகழ வேண்டாம். வேலையைப் பார்த்துத் தேர்ந்தாலும் எல்லாரும் ஒரே வீரன் வாசலில் வரிசை கட்டினால் வேறு சிக்கல் வரும். 1965இல் பன்னாட்டுப் போட்டியில் ஜெயித்த விஸ்டன் கேப் என்ற நாய் இருந்தது, ஜாக் ரிச்சர்ட்சன் என்ற ஸ்காட்லாந்து மேய்ப்பருடையது. சங்கத்தின் சின்னத்தில் இருப்பதே அதன் பதுங்கும் கோலம்தான். ஆளாளுக்கு அதன் குட்டியை வாங்கி, இன்று எந்த நாயின் வம்சாவளியை எடுத்தாலும் அதன் பெயர் தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் தட்டுப்படும். உறவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்போது, ஒளிந்திருக்கும் குறை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குட்டியில் வந்து சேரும். கோலிகளுக்குப் பரம்பரைக் கண் நோய் ஒன்று உண்டு, தாய் தகப்பன் இரண்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், குட்டிக்கு விழித்திரைப் பக்கம் கோளாறு. கண்ணை வைத்துப் பிழைக்கிற நாய்க்குக் கண்ணில். இப்போது மரபணுச் சோதனை வந்துவிட்டது, இணைசேர்க்கும் முன் பார்த்துவிடலாம்.

நாயைப் பழக்கி ஆடு திருடினான் ஒருவன் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? (நெல்லை)

1855, நியூசிலாந்தின் தெற்குத் தீவு. ஜேம்ஸ் மெக்கன்ஸி, ஸ்காட்லாந்திலிருந்து போனவர். ஒரு பெரிய பண்ணையிலிருந்து ஆயிரம் செம்மறிகள் காணாமல்போக, தேடிப்போனவர்கள் ஒரு மலைக்கணவாயில் அவரைப் பிடித்தார்கள். கூட இருந்தது ஃப்ரைடே என்ற பெட்டைக் கோலி மட்டும். ஆயிரம் ஆட்டை ஆளும் நாயுமாக மலை தாண்டி ஓட்டியிருக்கிறார் என்பதைக் கேட்டு ஊரே வாயைப் பிளந்தது. ஐந்து வருஷ தண்டனை, இரண்டு தடவை தப்பி இரண்டு தடவையும் பிடிபட்டு, கடைசியில் ஒன்பது மாதத்திலேயே மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தார். அவர் கடைசிவரை நான் திருடவில்லை என்றுதான் சொன்னார். அந்த மேட்டுநிலத்துக்கே இன்று மெக்கன்ஸி நாடு என்று பெயர். டெக்காப்போ ஏரிக்கரையில் அங்கு உழைத்த கோலிகளுக்காக 1968இல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். திருட்டுக் கேஸில் மாட்டியவரின் பெயரை ஒரு வட்டாரத்துக்கே வைத்துவிட்டார்கள், பாருங்கள்.

உலகத்திலேயே புத்திசாலி நாய் இதுதானாமே? (மதுரை, ஒன்பதாம் வகுப்பு மாணவி)

புத்தியை அளக்க எந்தப் படியை எடுப்பது என்பதுதான் சிக்கல், அம்மா. மோப்பத்தில் பீகிள் இதைத் தோற்கடிக்கும். ஆனால் சொல்லைக் கேட்பதில் இது தனி. அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் சேஸர் என்ற பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார், ஆய்வு 2011இல் வெளியானது. அதற்கு முன் ஜெர்மனியில் ரிக்கோ என்ற கோலி 200 பொருள்களைப் பெயர் சொன்னால் எடுத்து வந்தது. தெரியாத ஒரு பெயரைச் சொன்னால், தெரிந்த பொம்மைகளையெல்லாம் விட்டுவிட்டுப் புதிதாக இருப்பதை எடுத்து வந்ததுதான் அதில் வியப்பு.

எனக்குப் பிடித்தது இன்னும் பழைய கதை. ஸ்காட்லாந்தின் எட்ரிக் பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்துப் பிற்பாடு கவிஞரான ஜேம்ஸ் ஹாக்கிடம் சிர்ரா என்ற நாய் இருந்தது. ஒரு நள்ளிரவில் அப்போதுதான் தாயைப் பிரித்த 700 ஆட்டுக்குட்டிகள் மிரண்டு மூன்று கூட்டமாக மூன்று பக்கம் ஓடிவிட்டன. இருட்டில் நாய் எங்கே என்றே தெரியவில்லை. விடியும்வரை ஹாக்கும் கூட இருந்தவரும் தேடி அலுத்து, முதலாளிக்கு என்ன சொல்வது என்று திரும்பும்போது, ஒரு பள்ளத்தில் குட்டிகள் கூட்டமாக நிற்க, முன்னால் சிர்ரா காவல். எல்லாம் ஒரு கூட்டம்தான் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் 700லும் ஒன்றுகூடக் குறையவில்லை. ராத்திரி முழுக்க அதற்கு யாரும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

நாங்கள் சென்னை, இரண்டு படுக்கையறை ஃப்ளாட். குழந்தைகள் பார்டர் கோலி கேட்கிறார்கள். நீங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள்? (வேளச்சேரி)

மேலே எழுதியதையெல்லாம் படித்தீர்கள் அல்லவா? நாள் முழுக்க மலையில் ஓடுவதற்காக நூறு வருஷத்துக்கு மேல் செதுக்கிய உடம்பு, இரட்டை அடுக்கு மயிர், அதற்கு நீங்கள் கொடுக்கப்போவது காலையில் இருபது நிமிஷ நடையும் மே மாத வெயிலும். வேலை இல்லாவிட்டால் அது சும்மா படுத்துக்கொள்ளாது, தானாக வேலை கண்டுபிடிக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வளர்த்தார்கள். மாலையில் விளையாடும் பிள்ளைகளை வட்டமிட்டு வட்டமிட்டு வாட்ச்மேன் அறைப் பக்கம் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தும், விலகி ஓடுகிற பிள்ளையின் குதிகாலை லேசாகக் கவ்வும். பிள்ளைகள் சிரித்தார்கள், பெற்றவர்கள் சிரிக்கவில்லை. அப்புறம் ஸ்கூட்டர் சக்கரம், அப்புறம் சுவரில் ஓடும் வெளிச்சம். மின்விசிறியின் நிழலை மணிக்கணக்காக முறைத்தபடி பதுங்கிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் ஊட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் உறவினரிடம் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஆடு இல்லை. வாத்துகள் இருக்கின்றன. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, யாரும் சொல்லாமலே, எல்லா வாத்தையும் கூண்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறதாம்.